வழிப்பறி கேஸ் அப்பீல்ல சாட்சியை எப்படி எடை போடுவாங்க? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வக்கீல் இல்லைங்க, வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கத்துலேருந்து வர்றவங்க, செயினைப் பறிகொடுத்தவங்களும் சரி, உள்ள போனவங்க வீட்டு ஆளுங்களும் சரி, ஒரே சந்தேகத்தைத்தான் மாத்தி மாத்தி கேக்குறாங்க, அதனால ஒரே எடத்துல எழுதிப் போட்டுடலாம்னு உக்காந்தேன்.

பேசுறதுக்கு வசதியா ஒரு கேஸ் வெச்சுக்குவோம், இது நானா கட்டுனது, நிஜ கேஸ் எதுவும் இல்ல. தை மாசம், ராத்திரி எட்டு மணி இருக்கும், மன்னார்குடியிலேருந்து நீடாமங்கலம் போற ரோடு. நெல் வியாபாரி ஒருத்தர் எக்ஸெல் வண்டியில தனியா வர்றார். வாய்க்கா பாலத்துக்கிட்ட ஒரே பைக்ல மூணு பேரு பின்னாடியே வந்து மறிச்சு, ஒருத்தன் அரிவாளைக் காட்டி, அஞ்சு பவுன் செயினையும் மடியில இருந்த பணத்தையும் புடுங்கிட்டுப் போயிடுறாங்க. கொஞ்சம் தள்ளி டிராக்டர்ல வந்தவர் கடைசி நிமிஷத்தைப் பார்க்குறார். இருபது நாள் கழிச்சு "வாகனச் சோதனையின்போது சந்தேகத்துக்கிடமாக" மூணு பேரை புடிக்கிறாங்க (இந்த வரி இல்லாத கேஸ் கட்டை நான் அதிகம் பார்த்ததில்ல), செயின் ஒரு அடகுக்கடையில கெடைக்குது, கோர்ட்ல தண்டனை ஆயிடுது. இனி கேள்விங்க.

வழிப்பறிக்கு என்ன செக்‌ஷன்? ராத்திரி நடந்தா தண்டனை ஜாஸ்தியாமே?

ஆமா. பழைய ஐ.பி.சி.ல (இந்திய தண்டனைச் சட்டம்) 392, இப்போ அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.ல (பாரதிய நியாய சன்ஹிதா) 309(4). சாதாரணமா பத்து வருஷம் வரைக்கும், நெடுஞ்சாலையில சூரியன் மறைஞ்சதுக்கும் உதிக்கிறதுக்கும் நடுவுல நடந்திருந்தா பதினாலு வருஷம் வரைக்கும் போகலாம். தை மாசத்துல நம்ம பக்கம் ஆறேகாலுக்கெல்லாம் இருட்டிடும், அதனால எட்டு மணிங்கிறது சந்தேகமில்லாம ராத்திரிதான். அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ சேர்ந்து செஞ்சா அது கூட்டுக் கொள்ளை, வேற செக்‌ஷன்.

2024 ஜூலை 1-க்கு முன்னாடி நடந்த சம்பவத்துக்கு ஐ.பி.சி.தான், அதுக்கப்புறம் நடந்ததுக்கு பி.என்.எஸ். சாட்சிச் சட்டமும் இப்போ பி.எஸ்.ஏ.ன்னு (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) மாறிடுச்சு, ஆனா நம்பர்தான் பெரும்பாலும் மாறியிருக்கு, சாட்சியை எடை போடுற விதம் பழசேதான்.

அப்பீல்னா சாட்சிங்களை எல்லாம் திரும்பக் கூப்பிட்டு விசாரிப்பாங்களா?

மாட்டாங்க. கீழ் கோர்ட்ல பதிவான வாக்குமூலம், சான்றாவணம், தீர்ப்பு இதெல்லாம் கட்டா மேல போகும், ரெண்டு தரப்பு வக்கீலும் அதை வெச்சு வாதாடுவாங்க. புதுசா சாட்சி விசாரிக்க பழைய குற்ற விசாரணை முறைச் சட்டம் சி.ஆர்.பி.சி. 391-ல (இப்போ பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்.எஸ். 432) வழி இருக்கு, ஆனா அபூர்வமாத்தான் விடுவாங்க, "அப்போ விட்டுட்டோம், இப்போ கூப்பிடுறோம்"னா எடுபடாது.

ஆனா ஒண்ணு, முதல் அப்பீல்ல கோர்ட்டு சாட்சியம் முழுக்க திரும்பப் படிச்சு சொந்தமா முடிவுக்கு வரணும், கீழ் கோர்ட்டு சொன்னது சரின்னு ரெண்டு வரியில முடிச்சுடக் கூடாது. சாட்சி முழிச்ச முழி, தடுமாறுனது, இதையெல்லாம் நேர்ல பார்த்தது விசாரணை கோர்ட்டுதாங்கிறதால அதுக்கு ஒரு மரியாதை உண்டு, ஆனா பேப்பர்ல இருக்குற ஓட்டையை அந்த மரியாதை அடைச்சிடாது.

அப்பீல் எங்க போடணும், மதுரையா சென்னையா? எத்தனை நாளைக்குள்ள?

மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டு தண்டனைன்னா அந்த மாவட்ட அமர்வு நீதிமன்றம், 30 நாள். அமர்வு நீதிபதியோ கூடுதல் அமர்வு நீதிபதியோ தண்டிச்சிருந்தா, இல்ல எந்த கோர்ட்டா இருந்தாலும் ஏழு வருஷத்துக்கு மேல போட்டிருந்தா, ஐகோர்ட், 60 நாள். தீர்ப்பு நகல் வாங்க ஆன நாளை கழிச்சுக்கலாம், ஜெயில் தண்டனை ஆனவருக்கு நகல் இலவசமாவே கொடுக்கணும்.

இங்கதான் டெல்டாக்காரங்க குழம்புறாங்க. தஞ்சாவூர், திருச்சி மாவட்ட கேஸ் மதுரைக் கிளைக்குப் போகும், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை சென்னைக்குப் போகும். நம்ம கதையில பாலம் திருவாரூர் மாவட்டத்துல இருக்கு, அதனால சென்னை, அதே வழிப்பறி ஒரத்தநாட்டுக்கிட்ட நடந்திருந்தா மதுரை.

ஒரே ஒரு ஆளு சொன்னதை வெச்சு தண்டனை கொடுத்துட்டாங்க, இது செல்லுமா?

செல்லும். இத்தனை சாட்சி இருந்தாத்தான் நிரூபணம்னு சட்டத்துல எங்கயும் இல்ல (பழைய சாட்சிச் சட்டம் 134, இப்போ பி.எஸ்.ஏ. 139). 1957-ல வடிவேலு தேவர் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு சாட்சிகளை மூணா பிரிச்சுது, முழுசா நம்பக்கூடியவர், முழுசா நம்ப முடியாதவர், ரெண்டுக்கும் நடுவுல உள்ளவர். மொத ஆளா இருந்தா ஒருத்தர் போதும், ரெண்டாவது ஆளுன்னா பத்து பேர் வந்தாலும் வேலைக்காகாது, மூணாவது ஆளுக்கு வேற எடத்துலேருந்து துணை வேணும்.

வழிப்பறியில பறிகொடுத்தவர் பெரும்பாலும் அந்த மூணாவது வகையிலதான் வந்து நிப்பார். காரணம் அவர் பொய் சொல்றார்ங்கிறது இல்ல. சம்பவம் நடந்துதா, இவன்தான் செஞ்சானா, இது ரெண்டும் தனித்தனிக் கேள்வி. வியாபாரி செயினைப் பறிகொடுத்தது சத்தியமான உண்மையா இருக்கலாம், ஆனா கூண்டுல நிக்கிறவன்தான் அவன்னு அவரு சொல்றது இருட்டுல ரெண்டு நிமிஷம் பார்த்த ஞாபகம். முதல் கேள்விக்கு அவரை அப்படியே நம்பிட்டு ரெண்டாவதுக்கு மட்டும் துணை தேடுறது அப்பீல்ல சகஜம். கீழ இருக்குற பாதி கேள்விக்கு இதுதான் அடிப்படை.

ராத்திரி எட்டு மணிக்கு நடுரோட்டுல மூஞ்சி எப்படிங்க தெரியும்?

சரியான கேள்வி, அப்பீல்ல பாதி வாதம் இங்கதான் ஓடும். மூணு பேப்பரைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. எஃப்.ஐ.ஆர்.ல வெளிச்சத்தைப் பத்தி என்ன சொல்லியிருக்கு, பார்வை மகஜர்ல (சம்பவ எடத்தைப் பார்த்து போலீஸ் எழுதுறது) என்ன எழுதியிருக்கு, மாதிரி வரைபடத்துல (அந்த எடத்தோட ரஃப் ஸ்கெட்ச்) லைட் கம்பம் வரைஞ்சிருக்காங்களா. சாட்சி கோர்ட்டுல "தெரு விளக்கு வெளிச்சத்துல பார்த்தேன்"னு சொல்லி, வரைபடத்துல பாலமும் வாய்க்காவும் ஒத்தைப் பனைமரமும் மட்டும் இருந்து, கம்பம் அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தா அந்த வாக்குமூலம் அங்கயே சாயும்.

வண்டி ஹெட்லைட்டுன்னா அது எந்தப் பக்கம் அடிச்சுதுன்னு பார்க்கணும். எக்ஸெல் லைட்டு முன்னாடி அடிக்கும், பின்னாடி வந்தவன் குறுக்க வந்து லைட்டுக்கு நேரா நின்னானா, பக்கத்துல நின்னு கழுத்துல கை வெச்சானாங்கிறதுல எல்லாமே மாறிடும். பக்கத்துல நின்னவன்னா வியாபாரி பார்த்தது நிழலைத்தான். அப்புறம் ஹெல்மெட், மூஞ்சியில கட்டுன துண்டு, எவ்வளவு நேரம் நின்னாங்க, ஏதாவது பேசுனாங்களா, முன்னப் பின்ன தெரிஞ்ச ஆளா. தெரிஞ்ச ஆளுன்னா குரலும் நடையும் போதும், இருட்டு பெரிய தடை இல்ல, ஆனா அப்போ எஃப்.ஐ.ஆர்.லயே பேரு வந்திருக்கணும்ல.

அடையாள அணிவகுப்பே நடத்தல. அது ஒண்ணு போதாதா விடுதலைக்கு?

தானா விடுதலை ஆகாது, ஆனா முன்னப் பின்ன தெரியாத ஆளுன்னா பெரிய ஓட்டைதான். அணிவகுப்புங்கிறது (புடிச்சவரை வேற சில பேரோட வரிசையா நிக்க வெச்சு சாட்சியை அடையாளம் காட்டச் சொல்றது) நேரடிச் சாட்சியம் கிடையாது, கோர்ட்டுல கூண்டுல நிக்கிறவரைக் கைகாட்டுறதுதான் சாட்சியம், அணிவகுப்பு அதுக்குத் துணை. 1979-ல கண்ணன் வழக்குல (கேரளா கேஸ்), முன்னாடி பழக்கமே இல்லாத ஆளை அணிவகுப்பு இல்லாம முதல்முறையா கோர்ட்டுல வந்து கைகாட்டுறதுக்கு மதிப்பு இல்லன்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கு. 2003-ல மல்கான்சிங் வழக்குல, சாட்சிக்கு நல்லா பார்க்க வாய்ப்பு இருந்து நம்பும்படியா சொன்னா அணிவகுப்பு இல்லாட்டியும் ஏத்துக்கலாம்னும் சொல்லியிருக்கு. ரெண்டு பக்க வக்கீலும் ஆளுக்கொண்ணைத் தூக்கிட்டு வருவாங்க, முடிவு மேல சொன்ன வெளிச்சம், நேரம், தூரத்துலதான் நிக்கும்.

நடத்தியிருந்தா மாஜிஸ்ட்ரேட் ரிப்போர்ட்டைப் படிங்க. கைதாகி எத்தனை நாள் கழிச்சு, கூட நின்னவங்க வயசும் உருவமும் ஒத்து வந்துதா, "ஸ்டேஷன்லயே என்னைக் காட்டிட்டாங்க"ன்னு கைதி அப்பவே ஆட்சேபணை சொன்னாரா, இதெல்லாம் அதுல இருக்கும்.

போலீஸ் புடிச்ச அன்னிக்கே போட்டோ பேப்பர்லயும் வாட்ஸப்லயும் வந்துடுச்சே?

அப்போ அணிவகுப்புக்கு மதிப்பு போச்சுன்னே வெச்சுக்கலாம், சாட்சி ரோட்டுல பார்த்த மூஞ்சியை அடையாளம் காட்டுறாரா, வாட்ஸப்ல பார்த்த மூஞ்சியைக் காட்டுறாரான்னு யாரால சொல்ல முடியும்? ஆனா போட்டோ வந்துச்சுன்னு நீங்க இப்போ சொன்னா பத்தாது, குறுக்கு விசாரணையில சாட்சிகிட்ட கேட்டு அந்தப் பேப்பரையும் சான்றாவணமா குறியீடு பண்ணியிருக்கணும்.

ஒருத்தர் ஏழரைங்கிறார், இன்னொருத்தர் எட்டரைங்கிறார். பைக் கருப்புங்கிறார், நீலங்கிறார். இவ்வளவு முரண் போதாதா?

இதை நம்பித்தான் நிறைய பேரு அப்பீல் போடுறாங்க, பெரும்பாலும் ஏமாந்துதான் போறாங்க. 1983-ல பர்வாடா போகின்பாய் வழக்குல, சாட்சிக்கு போட்டோ புடிச்ச மாதிரி ஞாபகம் இருக்கும்னு எதிர்பார்க்க முடியாது, நேரமெல்லாம் குத்துமதிப்பாத்தான் சொல்வாங்கன்னு சுப்ரீம் கோர்ட்டு வெளக்கமா சொல்லிடுச்சு. கழுத்துல அரிவாள் இருக்கும்போது யாரு மணி பார்ப்பா? சொல்லப்போனா ரெண்டு சாட்சியும் அச்சடிச்ச மாதிரி ஒரே வார்த்தையில சொன்னாத்தான் எனக்கு சந்தேகம் வரும்.

எந்த முரண் உதவும்னா, கேஸோட வேரைத் தொடுறது. ரெண்டு பேருன்னு எஃப்.ஐ.ஆர்., மூணு பேருன்னு கோர்ட்டுல. செயினை அறுத்தவன் ஒன்னாம் எதிரியா மூணாம் எதிரியான்னு மாறுறது (குற்றம் சாட்டப்பட்டவரைத்தான் கோர்ட்டுல எதிரின்னு சொல்வாங்க). டிராக்டர்காரர் முதல்ல முதுகைத்தான் பார்த்தேன்னு சொல்லிட்டு அப்புறம் மூஞ்சியைக் கைகாட்டுறது. இந்த மாதிரி ஒண்ணு இருந்தா கலர் சண்டை பத்துக்கு சமம்.

போலீஸ்கிட்ட சொல்லாத விஷயத்தை கோர்ட்டுல புதுசா சொல்றார், அது பொய்தானே?

முக்கியமான விஷயமா இருந்தா அந்த விடுபடலே முரணா கணக்காகும். உதாரணத்துக்கு கன்னத்துல தழும்பு இருந்துச்சுன்னு போலீஸ் விசாரணையில ஒரு வார்த்தை இல்ல, கோர்ட்டுல வந்து தழும்பைப் பத்தியே பேசுறார்னா, ஆளைப் பார்த்ததுக்கப்புறம் சேர்த்த தழும்புன்னு வாதம் வரும்.

ஆனா அதுக்கு ஒரு முறை இருக்குங்க. போலீஸ் விசாரணை வாக்குமூலம் (பழைய 161, இப்போ பி.என்.எஸ்.எஸ். 180) தன்னால சாட்சியம் ஆகாது, சாட்சி அதுல கையெழுத்தும் போட மாட்டார். சாட்சிகிட்ட "இதை போலீஸ்ல சொன்னீங்களா"ன்னு கேக்கணும், சொன்னேன்னு சொன்னா பின்னால விசாரணை அதிகாரி கூண்டேறும்போது "அப்படி எங்கிட்ட சொல்லல"ன்னு அவர் வாயால வாங்கணும். இந்த ரெண்டாவது கேள்வியை விட்டுட்டு வந்த கட்டுங்க நிறைய. அப்பீல் வக்கீல் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் கீழ கேக்காத கேள்விக்கு மேல பதில் இருக்காது.

மறுநாள் காலையிலதான் கம்ப்ளெய்ன்ட் கொடுத்தாங்க. லேட்டுன்னு தள்ளிடுவாங்களா?

ராத்திரி பயந்து வீட்டுக்குப் போய், சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு காலையில ஸ்டேஷன் போறது நம்ம ஊர்ல சாதாரணம், காரணம் சொன்னா ஏத்துக்குவாங்க. புகார்தாரர் லேட்டை விட போலீஸ் லேட்டைப் பாருங்க. எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்ட்ரேட் கைக்கு எப்போ போச்சுன்னு அதுலயே தேதி, நேரத்தோட அவர் கையெழுத்து இருக்கும். ரெண்டு மூணு நாள் கழிச்சுப் போயிருந்து காரணமும் சொல்லலைன்னா நடுவுல எழுதி சேர்த்தாங்களாங்கிற சந்தேகம் வரும், முக்கியமா அதுல ஆளோட அங்க அடையாளம் எல்லாம் பக்காவா இருந்தா.

ஸ்டேஷன்லயே எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான்னு சொல்றாங்க, அப்புறம் என்ன அப்பீல்?

போலீஸ்கிட்ட கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமே கிடையாது. ஒரே ஒரு விதிவிலக்கு பழைய 27 (இப்போ பி.எஸ்.ஏ. 23), அவர் சொன்னதை வெச்சு ஒரு பொருள் கண்டுபிடிச்சா, அந்தப் பொருளுக்கு நேரா போற வார்த்தை மட்டும் உள்ள வரும். "செயினை இன்ன அடகுக்கடையில வெச்சிருக்கேன், வந்தா காட்டுறேன்" வரும், "வியாபாரியை மெரட்டிப் புடுங்குனேன்" வராது. 1946-ல புலுக்குரி கோட்டய்யா வழக்குல பிரிவி கவுன்சில் (வெள்ளைக்காரன் காலத்துல லண்டன்ல இருந்த மேல் கோர்ட்டு) போட்ட கோடு இது, இன்னைக்கும் அதேதான். அதனாலதான் தீர்ப்புல "ஒப்புதல் வாக்குமூலத்தின் ஏற்கத்தக்க பகுதி"ன்னு ஒரு வரி வரும்.

செயின் அடகுக்கடையில கெடைச்சுது. அது போதுமா தண்டனைக்கு?

திருட்டு நடந்து கொஞ்ச நாளுக்குள்ள பொருள் ஒருத்தர்கிட்ட இருந்து, எப்படி வந்துச்சுன்னு அவர் சொல்லலைன்னா, திருடுனவர் அல்லது திருட்டுப் பொருள்னு தெரிஞ்சு வாங்குனவர்னு கோர்ட்டு அனுமானிக்கலாம் (பழைய 114, இப்போ பி.எஸ்.ஏ. 119). கட்டாயம் இல்ல, அனுமானிக்க'லாம்'தான். இருபது நாள்ங்கிறது நகைக்கு கிட்டத்துலதான், பணத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது, நோட்டு நம்பர் இல்லாம "நாலாயிரம் ரூபா கைப்பற்றினோம்"ங்கிறதுக்கு பெருசா எடை இல்ல, நாலாயிரம் யாரு பாக்கெட்லயும் இருக்கும்.

செயின்ல பார்க்க வேண்டியது: எஃப்.ஐ.ஆர்.லயே டிசைனும் எடையும் சொன்னாரா, கடை பில் உண்டா, அடகுக்கடைக்காரர் கூண்டேறி ரிஜிஸ்டரைக் காட்டுனாரா, அடகு வெச்ச ரசீதுல யாரு பேரு, யாரு கையெழுத்து. கடைக்காரரை விசாரிக்கவே இல்லன்னா செயினுக்கும் எதிரிக்கும் நடுவுல கண்ணி விட்டுப்போச்சு. மாறாக எல்லாம் சரியா இருந்தா, இருட்டுல பார்த்த அடையாளம் கொஞ்சம் பலவீனமா இருந்தாலும் இந்தத் துணை தூக்கிப் புடிச்சுடும். வடிவேலு தேவர் கேஸ்ல சொன்ன மூணாவது வகைக்குத் துணைன்னு சொன்னேன்ல, நடைமுறையில அது பெரும்பாலும் இதுதான்.

செயினைக் கைப்பற்றுன மகஜர்ல சாட்சியா கையெழுத்துப் போட்ட வி.ஏ.ஓ.வே பல்டி அடிச்சுட்டார். கேஸ் முடிஞ்சுதா?

முடியல. பிறழ்சாட்சின்னு அறிவிச்சதால அவர் சொன்னது எல்லாமே அழிஞ்சு போயிடாது, அதுல நம்பக்கூடிய பகுதியை ரெண்டு தரப்பும் எடுத்துக்கலாம். கையெழுத்து என்னுதுதான், ஆனா ஸ்டேஷன்ல உக்கார வெச்சு வாங்குனாங்கன்னு அவர் சொன்னா, அதையும் கோர்ட்டு எடை போடும். மகஜர் சாட்சி கைவிட்டாலும் விசாரணை அதிகாரி ஒருத்தர் சாட்சியத்தை வெச்சே கைப்பற்றுனதை நம்பலாம், அவர் சொல்றதுல தடுமாற்றம் இல்லாட்டி.

சிசிடிவி இருக்கு, அதுல பைக் தெரியுதே?

எலக்ட்ரானிக் சாட்சியத்துக்கு சான்றிதழ் வேணும் (பழைய 65பி, இப்போ பி.எஸ்.ஏ. 63), 2020-ல அர்ஜுன் பண்டித்ராவ் வழக்குல அது கட்டாயம்னு உறுதி பண்ணிட்டாங்க, ஒரிஜினல் கருவியையே கோர்ட்டுக்குக் கொண்டுவந்தா மட்டும் தேவையில்ல. அது இருந்தாலும் பெட்ரோல் பங்க் கேமராவுல ஒரு பைக் போனது பைக் போனதுக்குத்தான் சாட்சி.

அரிவாள் ஒருத்தன் கையிலதான் இருந்துச்சு. மூணு பேருக்கும் ஏழு வருஷம் போட்டது சரியா?

ரொம்பப் பேரு கவனிக்காம விடுற பாயிண்டு இது. 397 (இப்போ பி.என்.எஸ். 311) ஏழு வருஷத்துக்குக் கொறையாம தண்டனை சொல்லுது, ஆனா அது ஆயுதத்தை உபயோகிச்ச ஆளுக்கு மட்டும்தான், எல்லாரும் ஒரே நோக்கத்துல சேர்ந்து செஞ்சாங்க, பொது எண்ணம்னு சொல்லி மத்தவங்க தலையில கட்ட முடியாது. வெட்டலையே, சும்மா காட்டுனதுதானேன்னு அரிவாள்காரர் தரப்பு கேக்கும், அது எடுபடாது, பயப்படுற மாதிரி தெரிய வெச்சாலே உபயோகம்தான்னு 1975-ல பூல் குமார் வழக்குல சொல்லிட்டாங்க. மத்த ரெண்டு பேருக்கு 392-ஆ கொறையலாம், அப்போ எத்தனை வருஷம்ங்கிறது கோர்ட்டு கையில.

அதனால யாரு கையில அரிவாள்னு சாட்சி தெளிவா சொல்லியிருக்காரான்னு தேடிப் பாருங்க. "எதிரிகள் அரிவாளைக் காட்டி மிரட்டினர்"னு பொத்தாம்பொதுவா இருந்தா மூணு பேருக்குமே 397 ஆட்டம் காணும்.

செயின் திரும்பக் கெடைச்சுடுச்சு, ரெண்டு குடும்பமும் பேசி முடிச்சுட்டோம். அப்பீல்ல சமாதானம் போடலாமா?

வழிப்பறி சமரசத்துக்குரிய குற்றப் பட்டியல்ல இல்ல, அதனால அப்பீல் கோர்ட்டு அதை வெச்சு விடுதலை பண்ணாது. தண்டனை அளவு பேசும்போது சொல்லிப் பார்க்கலாம், அதுவும் குறைந்தபட்ச தண்டனை இருக்குற செக்‌ஷன்ல உதவாது.

எல்லாரையும் விடுதலை பண்ணிட்டாங்க. பறிகொடுத்த நாங்க அப்பீல் போகலாமா?

போகலாம், 2009 திருத்தத்துலேருந்து பாதிக்கப்பட்டவருக்கு அந்த உரிமை இருக்கு. ஆனா அந்த மலை ஏறுறது கஷ்டம். விடுதலை ஆனவருக்கு நிரபராதிங்கிற அனுமானம் இன்னும் பலமாயிடுது, ஒரே சாட்சியத்துலேருந்து ரெண்டு விதமா நியாயமா முடிவு எடுக்க முடியும்னா விசாரணை கோர்ட்டு எடுத்த முடிவை மேல் கோர்ட்டு மாத்தாது (2007, சந்திரப்பா வழக்கு). கோர்ட்டு உங்களைப் பொய் சொன்னீங்கன்னு சொல்லல, ஆளு நிரூபணம் ஆகலன்னுதான் சொல்லியிருக்கும், தீர்ப்பை ஒருதடவை பொறுமையா படிங்க.

அப்பீல் நம்பர் ஆகி வருஷக்கணக்கா கெடக்கு, வக்கீலும் போறதில்ல. தள்ளுபடி ஆயிடுமா?

வக்கீல் வரலைங்கிற ஒரே காரணத்துக்காக கிரிமினல் அப்பீலைத் தள்ளக் கூடாது, கட்டைப் படிச்சு தகுதி பார்த்துத்தான் தீர்ப்பு சொல்லணும், 1996-ல பானி சிங் வழக்குல சொன்னது. ஆனா வாதாட ஆளில்லாம கோர்ட்டே படிச்சா அந்த வரைபடத்துல கம்பம் இல்லாததை யாரு எடுத்துக்காட்டுறது? காவல்ல இருக்குறவருக்கு வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு, மாவட்ட கோர்ட்டு வளாகத்துலயே இருக்குற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல மனு கொடுங்க, ஜெயில்லேருந்தே அனுப்பலாம். போகும்போது தீர்ப்பு நகல், எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர், வரைபடம், சாட்சி வாக்குமூலம் எல்லாம் கையோட எடுத்துட்டுப் போங்க, தண்டனையை நிறுத்தி வெச்சு ஜாமீன் கேக்குற மனுவையும் சேர்த்தே போடச் சொல்லுங்க.